முப்பத்தேழாம் தகடு

என் அண்ணன் இத்வால் பிரிச்சர்ட் 1962ஆம் ஆண்டு மார்ச் பதினோராம் நாள் பிறந்தான். பதினெட்டு வயதில் பேருந்துப் பணிமனையில் சேர்ந்தான்; இருபத்தொரு வயதில் ஓட்டுநரானான். அதன்பின் நாற்பது ஆண்டுகளாக, எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து கடற்கரை வரை போய்த் திரும்பும் ஒரே தடத்தில்தான் ஓட்டுகிறான். ஊரில் யாரும் அவனை பிரிச்சர்ட் என்று குறிப்பிடுவதில்லை. எங்கள் பக்கத்தில் பிரிச்சர்ட்டுகள் மிகுதி; ஆகையால் தொழிலே பட்டப்பெயராகிவிடும். அவன் ‘இத்வால் பஸ்’. பால் ஊற்றியவரின் மகள் எழுபது வயதிலும் ‘மேரி பால்’ என்றே அறியப்படுகிற ஊர் இது. ஒட்டிய பெயர் கல்லறைவரை கூட வரும்.

இவையெல்லாம் குடும்பப் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ளன. அந்தப் பதிவேட்டை இருபத்தெட்டு ஆண்டுகளாக அவன் தங்கையான நான்தான் எழுதி வருகிறேன். ஒரு செய்தியை மட்டும் அதில் ஒற்றை வரியாக எழுதி வைத்திருக்கிறேன்: ‘தகடு எண் 37, அச்சில் பிழை, திருத்தப்பட்டது.’ அந்த வரிக்குப் பின்னால் பதினோரு ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. அவற்றை ஒற்றை வரியில் அடைத்தது நேர்மையாகாது என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா, பிரினோக் என்ற சிலேட்டுக்கல் குவாரியில் எஞ்சின் ஓட்டினார். அந்தக் குவாரி 1959இல் மூடப்பட்டது. கட்டடங்களை இடித்துத் தள்ளிவிட்டு, வனத்துறை அங்கே பைன் மரங்களை நட்டது. இப்போது உள்ளே போனால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. இத்வால் இருமுறை போய்த் தேடினான். ஓர் அடித்தளம்கூடக் கண்ணில் படவில்லை. குவாரி இருந்ததற்கு எங்கள் வீட்டில் எஞ்சிய சாட்சி ஒரே ஒரு புகைப்படம்தான். தாத்தாவின் தம்பி மருந்துக்கடை வைத்திருந்தார். கூடவே படமும் எடுப்பார். 1938இல் அவர் கண்ணாடித் தகட்டில் எடுத்த படம் அது. குறுகிய தண்டவாளத்தின்மேல் சிறிய நீராவி எஞ்சின். அதன் அருகில் கோட்டு அணிந்து தாத்தா. பின்னால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் ஆறு. வரிசையின் ஓரத்தில் கல் அறுக்கும் கொட்டகை. மலை முழுவதும் மேகத்துக்குள் மறைந்திருக்கிறது. எங்கள் ஊரில் மேகம் இறங்காத நாள் அரிது.

2012இல் மாலை வகுப்பு ஒன்றில் தகட்டிலிருந்து தாளில் அச்செடுக்கக் கற்றுக்கொண்டேன். முதலில் அச்செடுத்தது இந்த முப்பத்தேழாம் தகட்டைத்தான். அண்ணனின் ஐம்பதாம் பிறந்தநாளுக்குச் சட்டமிட்டுக் கொடுத்தேன். அவன் அதை ஒரு மாலை முழுவதும் மடியில் வைத்திருந்துவிட்டு, “மென்னா, இதைக் கட்டிரலாமா?” என்றான்.

அவன் மனைவி மென்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். அவள் சட்டென்று, “எதை? படத்தையா, எஞ்சினையா?” என்றாள்.

“குவாரியை.”

“சரி, கட்டு. சாப்பிட்டுட்டுக் கட்டு.”

அப்படித்தான் தொடங்கியது. அந்த ஆண்டுதான் எங்கள் சிற்றாலயமும் ஆள் வராமல் மூடப்பட்டது. ஞாயிறு பள்ளியின் கடைசி ஆசிரியையாக இருந்ததால், ஆலயத்தை ஒட்டிய கூடத்தின் சாவி மென்னாவிடமே தங்கிவிட்டது. ஆண்டவருக்குரிய ஞாயிற்றுக்கிழமை அப்படியே ரயிலுக்குப் போனது. அந்தக் கூடத்தில், அசலின் எழுபத்தாறில் ஒரு பங்கு அளவு மாதிரியாக, ஒன்பது மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். சுண்டுவிரல் நகம் அதன்மேல் பாலம்போல் உட்காரும். எஞ்சின் தீப்பெட்டியைவிடச் சற்று நீளம். ஆனால் அவை நிற்கும் மரப்பலகை மேடைகள் எட்டு. ஒவ்வொன்றையும் தூக்க இருவர் வேண்டும்.

தண்டவாளமும் எஞ்சினும் இத்வாலின் பொறுப்பு. மலை, மண், கற்குவியல் மென்னாவின் பொறுப்பு. பழைய கூரைச் சிலேட்டுகளைச் சுத்தியலால் உடைத்து, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, பசையில் ஒட்டினாள். அந்தச் சல்லடையில் பிறகு மாவு சலிக்கவே இல்லை. வீடுகளும் மனிதர்களும் அவர்கள் மகள் எலேரியின் பொறுப்பு. அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். பல் செதுக்கும் ஊசிகளாலேயே மனிதர்களுக்கு மூக்கு வைத்தாள். என் பொறுப்பு ஆவணங்கள். தாத்தா என்ன தொப்பி அணிந்தார், வீடுகளின் கதவுக்கு என்ன வண்ணம் என்று கேட்பார்கள்; நான் தேடிச் சொல்வேன்.

இத்வால் கோபக்காரன் அல்லன். ஆனால் தவறு என்று தெரிந்த ஒன்றை அவனால் அப்படியே விட முடியாது. மூன்றாம் ஆண்டில் மென்னா ஆறு ஞாயிறுகள் குனிந்து குனிந்து, தண்டவாளத்தின் அடிக்கட்டைகளை ஒட்டி முடித்தாள். அவன் வந்து நெடுநேரம் பார்த்தான்.

“ரொம்ப ஒழுங்கா இருக்கு, மென்னா.”

“ரொம்ப நன்றி.”

“இல்ல. குவாரியில இவ்வளவு ஒழுங்கா எவன் போட்டிருப்பான்? கையில கெடச்ச கட்டையப் போட்டிருப்பான்.”

மறு ஞாயிறு வெந்நீர் ஊற்றி அனைத்தையும் பெயர்த்தார்கள். வேண்டுமென்றே கோணலாக ஒட்ட அவளுக்கு இன்னும் எட்டு ஞாயிறுகள் பிடித்தன. “ஒழுங்கில்லாம இருக்கறதுக்கு இவ்வளவு கஷ்டமா?” என்று அவள் என்னிடம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

புகைப்படத்தில் சில புதிர்கள் இருந்தன. 1900ஆம் ஆண்டின் நில அளவை வரைபடத்தில், கல் அறுக்கும் கொட்டகை வரிசை வீடுகளுக்குத் தெற்கே இருந்தது. படத்திலோ வடக்கே நின்றது. இத்வால் நான்கு வாரம் யோசித்து, இடையில் கொட்டகையை இடித்து மறுபக்கம் கட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தான். படத்தில் வெயிலும் வடபுறத்திலிருந்து விழுந்தது. அதற்கும் விடை கண்டான்: ஜூன் மாத விடியற்காலை, நம் பக்கத்தில் அப்போது சூரியன் வடகிழக்கில்தானே எழும்! ஆகவே குவாரி முழுவதும் விடியற்காலை ஆயிற்று. எலேரி திரைச்சீலைகளை மூடினாள். வாசல்களில் பால் குவளைகளை வைத்தாள். கொட்டாவி விடும் ஒருவனைச் செதுக்கினாள். எஞ்சினின் பாகங்கள் பெட்டியாக வாங்கியவை. அதில் ஊதல் இடப்புறம் இருந்தது, படத்தில் வலப்புறம். குவாரியின் கொல்லர் மாற்றியிருப்பார் என்று சொல்லி, அவன் மூன்று ஞாயிறு செலவிட்டு ஊதலை எடுத்து மறுபுறம் பற்றவைத்தான். சரியாக இருந்த ஒன்றை அவ்வளவு உழைத்துத் தவறாக்க எங்களைப் போன்றவர்களால்தான் முடியும். வரைபடம் யாரோ வரைந்தது. படம் எங்கள் வீட்டுப் படம். நாங்கள் வீட்டுப் படத்தை நம்பினோம்.

ஏழாம் ஆண்டிலிருந்து கண்காட்சிகளுக்குப் போகத் தொடங்கினோம். எல்லாம் எல்லைக்கு அப்பால், இங்கிலாந்தின் ஊர்களில். ஒரு கண்காட்சியில் நிற்கும்போதே அடுத்த கண்காட்சிக்காரர் வந்து அழைப்பார். இரண்டாண்டுகள் முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டும். ஆகவே எப்போதும் இரண்டாண்டுகளுக்கு விடுப்பு இல்லை. வேனில் எட்டுப் பலகைகளை ஏற்றுவது, இறக்குவது, பூட்டுவது, இரண்டு நாள் நின்றபடி ஓட்டுவது, கழற்றுவது, மறுபடி ஏற்றுவது. எதுவும் ஓடாமல் நின்றால் பார்ப்பவர் நகர்ந்துவிடுவார் என்பதால், ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இத்வாலின் விதி. இரு முனைகளிலும் அவனும் எலேரியும் நிற்பார்கள். இடையில் ஒரு சிறு மணி: ஒருமுறை அடித்தால் வண்டி தயார், இருமுறை அடித்தால் அனுப்பு. திங்கள் விடியலில் அவன் மறுபடி பேருந்தில் ஏறுவான். கண்ணுக்குக் கீழே கருமை நிரந்தரமாகிவிட்டது. பேருந்தில் ஏறுபவர்கள், “என்ன இத்வால், தூக்கத்துல ஓட்டுறியா?” என்று கேட்பது வழக்கமாயிற்று. “வழி பஸ்ஸுக்குத் தெரியும்” என்பான்.

2023 ஜனவரியில், எங்கள் ஊர்மன்றத்திலேயே ஏப்ரல் இறுதியில் ஒரு கண்காட்சி என்று முடிவாயிற்று. பிரினோக் குவாரி தன் பள்ளத்தாக்குக்கு முதன்முறையாக வரப்போகிறது. அன்று மென்னா ஒரு நிபந்தனை வைத்தாள்; நானும் உடன் இருந்தேன்.

“இது முடிஞ்சதும் பலகையெல்லாம் துணி போட்டு மூடணும், இத்வால். எனக்கு என் ஞாயித்துக்கிழமை வேணும்.”

“என்ன பண்ணப் போற?”

“கிரிக்கியத் போய்க் கடலைப் பாக்கணும். ஐஸ்கிரீம் சாப்பிடணும். வாரத்துல ஆறு நாள் நீ கடல் வரைக்கும் போற. நான் பதினோரு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை கடலைப் பாக்கல.”

 “சரி” என்றான். அவன் ‘சரி’ என்று சொல்லி மீறியதில்லை. அடுத்த கண்காட்சிகளுக்கான இரண்டு அழைப்புகளுக்கும் மறுப்புக் கடிதம் எழுதினான். ஆனால், சரிசெய்ய வேண்டிய ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அந்த ‘சரி’ தாங்குமா என்பது மென்னாவுக்கும் எனக்கும் தெரியாது.

மார்ச் பதினெட்டாம் நாள், கண்காட்சிக்கு ஐந்து வாரம் இருக்கையில், ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பதற்காக, தாத்தாவின் தம்பி விட்டுப்போன தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, எண் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம் பளபளக்கும். மருந்து பூசிய மறுபக்கம் மங்கலாக இருக்கும். மங்கலான பக்கம்தான் தாளைத் தொட வேண்டும். முப்பத்தேழை எடுத்தபோது, 2012இல் நானே எழுதிய குறிப்பையும் பார்த்தேன்: ‘பளபளப்பான பக்கம் தாளின்மேல் வைக்கப்பட்டது.’ எவ்வளவு நேர்த்தியாகப் பிழையைக் குறித்து வைத்திருக்கிறேன்! கூடத்துச் சுவரில் தொங்கிய படத்தைப் போய்ப் பார்த்தேன். தாத்தாவின் கோட்டு, பெண்களின் மேலங்கியைப் போல வலப்பக்கம் இடப்பக்கத்தின் மேலேறிப் பொத்தானிட்டிருந்தது. பதினோரு ஆண்டுகளாக அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கொட்டகை இடம் மாறவில்லை. வெயில் தெற்கிலிருந்துதான் விழுந்தது. அது விடியற்காலையே அல்ல. குவாரி முழுவதையும் நாங்கள் இடம் வலமாகக் கட்டியிருந்தோம்.

நேரே மென்னாவிடம் போனேன். அவள் பழரொட்டிக்குத் திராட்சையைத் தேநீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“எல்லாமேவா?”

“எல்லாமே.”

“மலை?”

“மேகத்துக்குள்ள இருக்கறதால மலை தப்பிச்சுது.”

“இத்வாலுக்குத் தெரியுமா?”

“இனிமேதான் சொல்லணும்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “சொல்லாத, நெஸ்டா.”

“மென்னா, பதிவேட்டுல எழுதணும். நான் எழுதாம இருக்க முடியாது.”

“எழுது. உன் பதிவேட்டை உன்னைத் தவிர எவன் படிக்கிறான்? அவன்கிட்டச் சொல்லாத. சொன்னா அடுத்த ஞாயிறு வெந்நீரோட நிப்பான். எட்டுப் பலகையையும் உரிப்பான். எனக்கு வயசு ஐம்பத்தொன்பது. இன்னொரு பதினோரு வருஷம் என் இடுப்பு தாங்காது. அவனும் தாங்க மாட்டான்.” பிறகு மெதுவாக, “அவன் தூங்கறப்ப மூஞ்சியப் பாத்திருக்கியா? தூக்கத்துலயும் களைச்சுப் போய்த்தான் இருக்கான்” என்றாள்.

பதிவேட்டில் ‘தகடு எண் 37, அச்சில் பிழை’ என்று மட்டும் நாளிட்டு எழுதினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. அந்த ஐந்து வாரமும் கூடத்துக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லி அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்தேன்.

ஏப்ரல் இருபத்திரண்டாம் நாள், சனிக்கிழமை. ஊர்மன்றத்தில் கால் வைக்க இடமில்லை. மன்றச் செயலாளர் க்விலிம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். ஆகையால் ‘க்விலிம் கோழி’. அவர் வாசலில் நின்று, “உள்ள போங்க, உள்ள போங்க. தொடக்கூடாது, தும்மக்கூடாது, பிள்ளைங்களை வண்டியில ஏத்தக்கூடாது” என்று கூவிக்கொண்டிருந்தார். குவாரியின் ஒரு முனையில் இத்வால், மறுமுனையில் எலேரி. பலகையின் விளிம்பில், சட்டமிட்ட அந்தப் புகைப்படம். மென்னா தேநீர் மேசையில் இருந்தாள்; ஆனால் கண் எங்கள் பக்கமே.

பதினொரு மணியளவில் ஜேனி ரோலண்ட்ஸ் வந்தார். தொண்ணூற்றொரு வயது. பிரினோக் வரிசை வீட்டில் பிறந்தவர்களில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவரே. எங்கள் ஊரிலிருந்து போய், மகனோடு முப்பது மைல் தள்ளி இருப்பவர். அன்று இதற்காகவே வந்திருந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. இத்வால் தலையைத் தாழ்த்தி வணங்கினான்.

“எங்க வீடு எது, தம்பி?”

“கொட்டகைக்குப் பக்கத்துல, மிஸஸ் ரோலண்ட்ஸ். பச்சைக் கதவு. வாசப்படியில சின்னப் பொண்ணு நிக்குது பாருங்க. அது நீங்கதான். எலேரி செஞ்சது.”

அவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எஞ்சின் நான்கு வேகன்களோடு அவர் மூக்கின் கீழ் போயிற்று.

“கதவு சரி. புகைபோக்கி சரி. எங்கம்மா துணி காயப்போடற கம்புகூட இருக்கு. எல்லாம் இருக்கு, தம்பி. ஆனா ஒண்ணும் அதனதன் பக்கத்துல இல்லியே.”

“எப்படிங்க?”

“வாசப்படியில நின்னா கொட்டகைச் சத்தம் எனக்கு இந்தக் காதுல இடிக்கும்.” வலது காதைத் தொட்டார். “இந்தக் காதுதான் செவிடாப் போச்சு. நீ அந்தப் பொண்ணுக்கு வேற காதைச் செவிடாக்கி வச்சிருக்க.”

கூட்டம் சிரித்தது. இத்வாலும் சிரித்தான், அவனிடம் விடை இருந்தது. “முதல்ல தெற்கதான் இருந்துதுங்க. 1938க்கு முன்னாடி இடிச்சு வடக்க கட்டிட்டாங்க. போட்டோ இருக்கு, பாருங்க.”

“1938ல எனக்கு ஆறு வயசு. கொட்டகைக்குக் கால் முளைச்சு வீட்டைச் சுத்தி நடந்திருந்தா எங்கம்மா சொல்லாம இருந்திருப்பாளா? பக்கத்து வீட்டுக் கோழி செத்ததையே ஒரு வாரம் சொன்னவ.”

“என்னையா சொன்னீங்க?” என்றார் க்விலிம் வாசலிலிருந்து.

மறுபடி சிரிப்பு. இத்வால் சிரிக்கவில்லை. படத்தைக் கையில் எடுத்து, ஜேனி ரோலண்ட்ஸையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தொண்ணூற்றொரு வயதுப் பெண்ணிடம், ‘நீங்கள் மறந்துவிட்டீர்கள்’ என்று அவன் சொல்லப்போகிறான் என்பது தெரிந்தது. அதை அவன் சொல்லியிருந்தால், தவறு என்னுடையதாக இருந்தும் அவமானம் அவருடையதாகியிருக்கும்.

“இத்வால், அவங்க சொல்றதுதான் சரி” என்றேன். “நான்தான் தகட்டைத் திருப்பி வச்சு அச்செடுத்துட்டேன். தாத்தாவோட கோட்டுப் பொத்தானைப் பாரு.”

அவன் பார்த்தான். 

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அஞ்சு வாரமா.”

“எனக்கும்” என்றாள் மென்னா. தேநீர் மேசையிலிருந்து எப்போது வந்தாள் என்று தெரியவில்லை; கையில் கெட்டில் இருந்தது.

அப்போது எலேரியின் முனையிலிருந்து மணி ஒருமுறை அடித்தது. வண்டி தயார். அவளுக்கு இங்கே நடப்பது எதுவும் கேட்டிருக்கவில்லை. இத்வால் படத்தை அதன் இடத்தில் வைத்தான். கையை நீட்டி இருமுறை மணி அடித்தான். வண்டி வந்தது. அதை வாங்கிக்கொண்டு அடுத்ததை அனுப்பினான். என்னைப் பார்க்கவில்லை, மென்னாவையும் பார்க்கவில்லை.

ஜேனி ரோலண்ட்ஸ்தான் அசைந்தார். கைப்பையைத் திறந்து, பவுடர் டப்பாவை எடுத்தார். குவாரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, டப்பாவின் மூடியில் இருந்த வட்டக் கண்ணாடியைத் தோளுக்கு மேல் பிடித்தார். 

“ஆ, இப்பதான் வீடு” என்றார். “இதோ கொட்டகை. இதோ என் காது.”

பிறகு நடந்ததை இன்றும் ஊரில் சொல்லிச் சிரிக்கிறார்கள். எல்லோருக்கும் பார்க்க வேண்டியிருந்தது. பவுடர் டப்பா கை மாறியது, வரிசை உண்டாயிற்று, ஒவ்வொருவராகக் குவாரிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். க்விலிம், பெண்கள் கழிவறைச் சுவரிலிருந்த கண்ணாடியையே திருகு கழற்றித் தூக்கி வந்து, எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்தார். “பாத்துக்கோ, இன்னிலேர்ந்து நீ இத்வால் பஸ் இல்ல. இத்வால் கண்ணாடி!” என்றார். எங்கள் ஊரில் அப்படி ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். அன்று நாள் முழுவதும், மறுநாளும், மக்கள் பதினோரு ஆண்டு உழைப்புக்கு முதுகைக் காட்டி நின்று அதைக் கண்ணாடியில் கண்டு மகிழ்ந்தார்கள். இத்வால் ஒரு வண்டியைக்கூட நிறுத்தவில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்தது. வழக்கம்போல ஒருவர் நாட்குறிப்போடு வந்தார். ஒரு பெரிய கண்காட்சியின் பெயரைச் சொல்லி, “2025 அக்டோபர்? கண்ணாடியோட வாங்க, கூட்டம் அள்ளும்” என்றார்.

“வேண்டாங்க” என்றான் இத்வால்.

“திருத்திக் கட்டினதுக்கு அப்புறமா?”

அவன் மின்கம்பியைச் சுருட்டத் தொடங்கினான். அவர் போனபின் கழிவறைக் கண்ணாடியின் முன் போய் நின்றான். அதுவரை அவன் ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. அதில் குவாரி சரியாக இருந்தது. அதற்கு முன்னால், மேற்சட்டையின் பொத்தான்கள் பெண்பக்கமாக, அவன் நின்றான்.

“விசில் இந்தப் பக்கம்தான் இருந்திருக்கு” என்றான். “பெட்டியில வந்தப்பவே சரியாத்தான் இருந்துச்சு.”

 ‘வர்ற ஞாயிறு’ என்ற இரண்டு சொற்களுக்காக மென்னாவும் நானும் காத்திருந்தோம். அவை வரவில்லை. பலகைகளைக் கழற்றினோம், ஏற்றினோம். மென்னா தூக்கிய பலகை முனையை வழக்கத்துக்கு மாறாக அவனே போய் வாங்கிக்கொண்டான்.

வேனில் முன்னிருக்கையில் இத்வால், மென்னா, நான் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். அவன் சாவியைத் திருகவில்லை.

“ஏன் சொல்லல, மென்னா?”

“சொன்னா உரிச்சுடுவ.”

“உரிச்சிருப்பேன்.” கைகளை ஸ்டீயரிங்கின்மேல் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். “போன மாசம் சொல்லியிருந்தாக்கூட உரிச்சிருப்பேன். நேத்து அந்தம்மா சொன்னதும் மனசு தானா கணக்குப் போட்டுச்சு. கொட்டகையத் தூக்கணும், லைனைத் திருப்பணும், நிழலை மாத்தணும். எல்லாம் வரிசையா வந்துச்சு. வந்துட்டு, கை எழும்பல.”

“இப்ப?”

“இப்பவும்தான். முடியல மென்னா. ரொம்ப நாளாவே முடியல. தப்பு ஏதும் கண்ணுல படலேன்னாலும் நிறுத்தியிருக்கணும்.”

மென்னா சாளரத்துக்கு வெளியே பார்த்தாள். இதைத்தான் அவள் கேட்டிருந்தாள். கிடைத்தபோது அவள் முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. அவன் ஸ்குருடிரைவரைத் தேடாதது தனக்குப் பயமாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

பின் அவன் என் பக்கம் தலையைத் திருப்பினான். “நெஸ்டா, சரியான பக்கமா ஒண்ணு அச்செடுத்து ஜேனியம்மாவுக்கு அனுப்பு. எனக்கு அந்தப் பழசே இருக்கட்டும். தாத்தாவை இனிமே வேற மூஞ்சியோட பாக்க முடியாது.”

பலகைகள் கூடத்துக்குப் போயின. மென்னா துணி போட்டு மூடினாள். நான் புதிய அச்சை எடுத்து, இம்முறை மங்கலான பக்கத்தை இருமுறை விரலால் தொட்டுச் சரிபார்த்து, ஜேனி ரோலண்ட்ஸுக்கு அனுப்பினேன். பதிவேட்டில் அந்த ஒற்றை வரியை ‘திருத்தப்பட்டது’ என்று முடித்தேன்.

அடுத்த ஞாயிறு ஏப்ரல் முப்பது. நான் உடன் போகவில்லை. மறுநாள் மென்னா சொன்னதை அப்படியே தருகிறேன். எட்டு மணிக்குக் கண் விழித்தாளாம். கூடத்தின் சாவி ஆணியிலேயே தொங்கியது. இத்வால் பதினொரு மணிவரை உறங்கினான். பிறகு கிரிக்கியத் புறப்பட்டார்கள். நாற்பது ஆண்டுகளாகத் தானே ஓட்டியவன், காரின் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டு, “நீயே ஓட்டு” என்றானாம். கடற்கரையில் மழை. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள். கார்க் கண்ணாடி வழியே கடல் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. இத்வால் கதவில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

“எழுப்பலையா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள். “ரெண்டையும் நானே சாப்பிட்டேன். அப்புறம் இருட்டற வரைக்கும் கடலைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.”